ஒளி தீட்டிய முகங்கள்

நுழையும்முன்

ஓவியம், சிற்பம், இசை ஆகிய கலைகளின் வரலாறு பல்லாயிரம் ஆண்டுகள் நீண்டது. ஒளிப்படக்கலைக்கோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே அகவை. அக்கலை தளர்நடை பயின்றுகொண்டிருந்த காலத்தில், உருவத்தைப் பதிவுசெய்யும் கருவி மனிதரின் உள்ளத்தையும் காட்ட வல்லது என்று மெய்ப்பித்தவர் ஒரு பெண்மணி. கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் கலைஞராக மலர்ந்து, இலங்கையின் மலைநாட்டில் கண்மூடிய ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அக்கலைஞரின் வாழ்க்கையையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முகமும் படமும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களில் உள்ள பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், தறியின் ஓசையோடு சுவரில் மாட்டப்பட்ட கருப்பு வெள்ளைப் படங்களும் நம்மை வரவேற்கும். தலைப்பாகை அணிந்த தாத்தாவும் கண்டாங்கிச் சேலை உடுத்திய பாட்டியும் அசையாமல் நம்மை நோக்கிக்கொண்டிருப்பர். அப்படங்களில் சில, எதிரில் நிற்பவரை ஏறிட்டுப் பார்ப்பதுபோல் உயிர்ப்புடன் விளங்கும். வேறு சில, உருவத்தை மட்டும் காட்டி உள்ளத்தை மறைத்துவிடும். ஒரே கருவி, ஒரே ஒளி, ஒரே தாள். ஆயினும் ஒரு படம் உயிர் பெறுகிறது. மற்றொன்று வெறும் அடையாளமாக நின்றுவிடுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் ஜூலியா மார்கரெட் கேமரனின் படைப்புகளை அறிந்துகொள்ளுதல் நன்று.

பிறப்பும் குடும்பமும்

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிருவாகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர். தாய் அடிலைன், பிரெஞ்சுக் குடியைச் சேர்ந்தவர். பிரான்சு நாட்டு அரண்மனையில் பணிபுரிந்து பின்னர்ப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர் அடிலைனின் தந்தை. ஆகவே, ஜூலியாவின் தாய்வழி மரபு தமிழ் மண்ணின் கடற்கரை நகரோடு தொடர்புடையது.

பேட்டில் குடும்பத்துச் சகோதரியர் எழுவரும் கல்கத்தாவில் நன்கு அறியப்பட்டவர்கள். அவர்களுள் பிறர் அழகால் புகழ்பெற்றனர். ஜூலியா அறிவாலும் துடிப்பாலும் ஈகைப் பண்பாலும் புகழ்பெற்றார். இளமையில் பிரான்சு நாட்டில் பாட்டியின் அரவணைப்பில் கல்வி பயின்ற அவர், 1834ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஈராண்டுகளுக்குப்பின் உடல்நலம் குன்றியதால், ஓய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அவர் வாழ்வின் போக்கை வகுத்த இருவரை அங்குதான் சந்தித்தார். ஒருவர், தென்வானத்து விண்மீன்களை ஆராய்வதற்காக அங்குத் தங்கியிருந்த வானியல் அறிஞர் சர் ஜான் எர்ஷல். மற்றொருவர், சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். சார்லஸ், ஜூலியாவைவிட இருபது அகவை மூத்தவர். இலங்கையின் ஆட்சிமுறையைச் சீரமைக்க அமைக்கப்பட்ட கோல்புரூக் கேமரன் ஆணைக்குழுவில் பணியாற்றியவர். இந்தியத் தண்டனைச் சட்டத்தை வகுத்த சட்ட ஆணையத்தில் மெக்காலேயோடு இணைந்து உழைத்தவர். 1838ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சார்லசுக்கும் ஜூலியாவுக்கும் திருமணம் நடந்தது.

அவர்களுக்கு ஒரு மகளும் ஐந்து மகன்களும் பிறந்தனர். பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகளையும் ஜூலியா தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நேர்ந்தபோது, கல்கத்தாவிலிருந்தே நிதி திரட்டி அனுப்பினார். முன்பின் அறியாத மனிதரின் துயரையும் தம் துயராகக் கருதும் இவ்வியல்பு, பிற்காலத்தில் அவருடைய கலையிலும் வெளிப்பட்டது.

ஒளிப்படம் பிறந்த காலம்

1839ஆம் ஆண்டு ஒளிப்படக்கலையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. பிரான்சு நாட்டின் தாகேர், இங்கிலாந்தின் டால்பட் ஆகிய இருவரும் ஒளியைக்கொண்டு உருவத்தைப் பதிக்கும் தத்தம் முறைகளை உலகுக்கு அறிவித்த ஆண்டு அது. அக்காலத்தில் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. பதிந்த படம் வெளிச்சம் பட்டதும் மேலும் கருத்து அழிந்தது. ஐப்போ எனப்படும் வேதிப்பொருள், ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் என்பதைக் கண்டறிந்து கூறியவர் ஜான் எர்ஷல். இன்று நாம் வழங்கும் போட்டோகிராபி, நெகட்டிவ், பாசிட்டிவ் ஆகிய கலைச்சொற்களைப் பரவச் செய்தவரும் அவரே.

எர்ஷல், 1842ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்குச் சில ஒளிப்படங்களை அனுப்பிவைத்தார். ஒளி வரைந்த அவ்வுருவங்களைக் கண்டு ஜூலியா வியப்பில் ஆழ்ந்தார். எனினும், அக்கலையில் அவர் ஈடுபடுவதற்கு மேலும் இருபதாண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

நாற்பத்தெட்டாம் அகவையில் ஒரு தொடக்கம்

சார்லஸ் பணி ஓய்வு பெற்றதும் 1848ஆம் ஆண்டில் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. 1860ஆம் ஆண்டில் வைட் தீவின் பிரெஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில் வீடு வாங்கினர். கவிஞர் டென்னிசனின் இல்லம் அருகிலேயே இருந்தது. இலங்கையில் தமக்கிருந்த காப்பித் தோட்டத்தின் நினைவாக அவ்வீட்டுக்கு டிம்போலா எனப் பெயரிட்டனர்.

1863ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தார். பிள்ளைகளும் வளர்ந்து பிரிந்துவிட்டனர். தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் ஓர் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். பொழுதுபோக்குக்காக வழங்கப்பட்ட அப்பரிசு ஒரு பெருங்கலைஞரை உலகுக்கு அளித்தது. அப்போது ஜூலியாவின் அகவை நாற்பத்தெட்டு.

வீட்டின் நிலக்கரி அறை இருட்டறையாக மாறியது. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கற்பிக்க ஆசிரியர் எவருமில்லை. கருவியை எங்கே வைப்பது, ஒளியை எவ்வாறு அமைப்பது என்பவற்றையெல்லாம் தவறுகள் செய்தே கற்றுக்கொண்டார். பல தகடுகள் வீணாயின. 1864ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், ஆன்னி பில்பாட் என்னும் சிறுமியின் முகம் அவர் விரும்பியவாறே தகட்டில் பதிந்தது. அதனையே தம் முதல் வெற்றியாக ஜூலியா குறித்துவைத்தார். அதே ஆண்டில் இலண்டன் ஒளிப்படக் கழகத்தின் உறுப்பினரும் ஆனார்.

தெரிந்து தெளிவோம்

தொடக்ககால ஒளிப்படக்கலையில் தமிழகத்திற்கும் இடமுண்டு. சென்னையில் 1850ஆம் ஆண்டில் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர், 1856ஆம் ஆண்டில் சென்னை ஒளிப்படக் கழகம் உருவாகவும் காரணமானார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியான நீள்படமாக அவர் பதிவுசெய்தது குறிப்பிடத்தக்கது.

கண்ணாடியும் வெள்ளியும் கதிரவனும்

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் படமெடுத்து விடுகிறோம். ஜூலியாவின் காலத்தில் ஒரு படம் எடுப்பது பெரும் உழைப்பு. அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. நன்கு துடைத்த கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்னர் இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் அத்தகட்டை அமிழ்த்த வேண்டும். அதனால் தகடு ஒளியை உணரும் தன்மையைப் பெறும். ஈரம் உலர்வதற்குள் அதனைக் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுவந்து உருத்துலக்கி, நிலைநிறுத்தி, நீரில் பலமுறை கழுவ வேண்டும். ஈரம் உலர்ந்துவிட்டால் எல்லாம் வீண்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் பட்டுப்பாவைத் தெருவில் நீட்டிப் பதப்படுத்தும் வேலை விடியற்காலையில் நடைபெறும். வெயில் ஏறுவதற்குள் இழைகளைப் பிரித்து, அறுந்தவற்றைப் பிணைத்துப் பாவை ஒழுங்குசெய்தாக வேண்டும். பொழுது தவறினால் அன்றைய உழைப்புப் பாழ். ஈரத்தகட்டோடு இருட்டறைக்கும் கூடத்திற்கும் இடையே விரைந்த ஜூலியாவின் உழைப்பும் இத்தகையதே. காலத்தோடு போட்டியிடும் கைத்தொழில்கள் யாவற்றுக்கும் பொதுவான கட்டுப்பாடு இது.

கண்ணாடியில் பதிந்த எதிர்ப்படத்தின் அடியில், முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளை வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். சில்வர் நைட்ரேட் பட்ட கைகளும் ஆடைகளும் கருத்துப்போகும். மேட்டுக்குடிப் பெண்கள் வெண்ணிறக் கையுறை அணிந்து உலவிய காலத்தில், ஜூலியா கறைபடிந்த கைகளோடும் வேதிப்பொருளின் மணம் வீசும் ஆடைகளோடும் விருந்தினரை வரவேற்றார். அதுபற்றி அவர் நாணியதில்லை.

படத்திற்கு அமர்வோரின் பாடும் எளிதன்று. பெரிய தகடு, குறைந்த ஒளி ஆகியவற்றால் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. சற்றே அசைந்தாலும் படம் கலங்கும். கலங்கினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜூலியாவின் அழைப்புக்கு அஞ்சி ஒளிந்துகொண்டவர்களும் உண்டு. ஆனால், அந்நீண்ட காத்திருப்பே அவர் படங்களுக்கு ஆழத்தைத் தந்தது. ஒரு நொடிக்குப் புன்னகையைப் பூட்டிக்கொள்ளலாம். பல நிமிடங்களுக்கு அது இயலாது. நேரம் செல்லச் செல்லப் பிறருக்காக அணிந்த முகபாவனை உதிர்ந்து, மனிதர் தம் இயல்பான நினைவுகளில் ஆழ்ந்துவிடுவர். அந்நிலையே தகட்டில் பதிந்தது.

மங்கலும் தெளிவும்

அன்றைய ஒளிப்படக் கலைஞர்கள் ஒவ்வொரு மயிரிழையும் ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் கூர்மையாகத் தெரிவதையே கலையின் வெற்றியாகக் கருதினர். வணிகக் கூடங்களில் தூண், திரைச்சீலை, நாற்காலி ஆகியவற்றிடையே முழு உருவத்தையும் சிறிய அட்டைப் படமாக எடுப்பது வழக்கம். ஜூலியா அவ்வழக்கத்திலிருந்து விலகினார். தூணையும் திரைச்சீலையையும் நீக்கினார். கருவியை முகத்தருகே கொண்டுசென்றார். இருண்ட பின்புலத்தில், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழுமாறு செய்து, முகத்தை மட்டும் பெரிதாகப் பதிவுசெய்தார். 1866ஆம் ஆண்டுமுதல் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட தகடுகளைப் பயன்படுத்தினார். அதனால் முகங்கள் ஏறத்தாழ உண்மையான அளவிலேயே தோன்றின.

வில்லையைத் திருகிக் குவியத்தைக் கூர்மையாக்கும்போது, உருவம் அழகுபெறும் இடத்தில் நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். அதனால் அவருடைய படங்களில் கண்கள் ஓரளவு தெளிவாகவும் காதும் கூந்தலும் மென்மையாக மங்கியும் காணப்படும். ஒளிப்பட இதழ்கள் இதனைக் கடுமையாகத் தாக்கின. குவியம் சரியில்லை, தகட்டில் கீறல்களும் கைரேகைகளும் உள்ளன, தொழில் தெரியாதவரின் வேலை என்று எள்ளின. சில கீறல்களும் கறைகளும் அவருடைய பரபரப்பின் விளைவுகளே என்பதும் மறுக்க முடியாதது. ஆனால், மென்மங்கல் அவர் தெரிந்தே மேற்கொண்ட நெறி. புறத்தோற்றத்தின் நுணுக்கங்கள் அடங்கும்போதுதான் அகத்தின் தோற்றம் மேலெழும் என்பது அவர் கொள்கை.

கண்டனங்களுக்கு அவர் பணியவில்லை. ஓவியர்களும் கவிஞர்களும் அவருடைய படங்களைப் போற்றினர். பெர்லின் நகரக் கண்காட்சியில் 1865ஆம் ஆண்டில் வெண்கலப் பதக்கமும் 1866ஆம் ஆண்டில் தங்கப் பதக்கமும் பெற்றார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், 1865ஆம் ஆண்டில் அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. 1868ஆம் ஆண்டில் அங்கேயே இரண்டு அறைகளை அவருடைய படப்பிடிப்புக்காக ஒதுக்கித் தந்தது. பணம் ஈட்ட வேண்டிய தேவையும் அவருக்கு இருந்தது. காப்பித் தோட்டங்களின் வருவாய் குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும், கலைக்காக அவர் செலவிட்டது ஈட்டியதைவிட மிகுதி.

அறிஞர் முகங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர் பலரை இன்று நாம் ஜூலியாவின் கண்களால்தான் காண்கிறோம். உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின், 1868ஆம் ஆண்டுக் கோடையில் குடும்பத்தோடு பிரெஷ்வாட்டரில் தங்கியபோது ஜூலியாவின் கருவிமுன் அமர்ந்தார். புடைத்த புருவமும் அதன் நிழலில் ஆழ்ந்த கண்களும் நெடுநாள் சிந்தனையின் களைப்பும் அப்படத்தில் தெரிகின்றன. வரலாற்றறிஞர் கார்லைலின் படத்தில் முகம் சற்றே அசைந்து கலங்கியிருக்கிறது. அக்கலக்கமே அவருடைய கொந்தளிக்கும் உள்ளத்தைக் காட்டுவதாக அமைந்துவிட்டது. கம்பளி ஆடை போர்த்திக் கையில் நூலேந்திய டென்னிசனின் படத்தைக் கண்டு, தாம் குளிக்காத துறவிபோல் இருப்பதாக அக்கவிஞரே நகையாடினார்.

இவற்றுள் தலையாயது, ஆசானும் நண்பருமாகிய ஜான் எர்ஷலின் படம். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், எழுபத்தைந்து அகவை நிரம்பிய அவரைத் தேடி ஜூலியா அவருடைய இல்லத்திற்கே கருவிகளோடு சென்றார். வெண்ணிற முடி ஒளியை ஏந்தி நிற்கவேண்டும் என்பதற்காக முன்னரே தலையைக் கழுவச் செய்தார். இருண்ட பின்புலத்தில் நரைத்த முடி ஒளிவட்டம்போல் விரிகிறது. விண்மீன்களைப் பல்லாண்டுகள் நோக்கிய கண்கள் நம்மைக் கடந்து தொலைவில் எதனையோ தேடுகின்றன. தொலைநோக்கியோ நூலோ விருதுகளோ அப்படத்தில் இல்லை. முகத்தின் சுருக்கங்களே அவருடைய வாழ்நாள் உழைப்பைச் சொல்லிவிடுகின்றன. ஒளிப்படத்தை நிலைபெறச் செய்த அறிஞரின் முகத்தை, அவரிடம் அக்கலையை முதன்முதலில் அறிந்த மாணவி நிலைபெறச் செய்தார்.

ஜூலியாவின் தங்கை மகள் ஜூலியா ஜாக்சனின் படமும் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் வர்ஜீனியா உல்பின் தாய் இவர். நேராக நம்மை நோக்கும் அம்முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் இருக்கிறது. பட்டின் பல வண்ணங்களில் பழகிய கண்களுக்கு, ஒற்றை நிறச் சாயலில் அமைந்த படம் முதலில் வறுமையாகத் தோன்றலாம். ஆனால், அரக்குக்கும் பச்சைக்கும் இடையே எத்தனை நிறங்கள் உண்டோ, கருமைக்கும் வெண்மைக்கும் இடையேயும் அத்தனை படிநிலைகள் உண்டு என்பதை அப்படம் உணர்த்தும்.

வேலைக்காரப் பெண்ணும் இளவரசனும்

ஜூலியா அறிஞர்களை மட்டும் படமெடுத்தவரல்லர். அவர் வீட்டில் பணிபுரிந்த மேரி ஹில்லியர் என்னும் உள்ளூர்ப் பெண், இயேசுவின் அன்னை மரியாளாகப் பல படங்களில் காட்சியளிக்கிறார். விருந்தினருக்குக் கதவைத் திறந்துவிடும் பணிப்பெண்ணின் முகத்தில் தாய்மையின் பெருமிதத்தைக் கண்டவர் ஜூலியா. அறிஞர் முகத்திற்குத் தந்த ஒளியையும் பொறுமையையும் பணிப்பெண்ணின் முகத்திற்கும் அவர் தந்தார்.

மேரி ரயன் என்னும் பெண்ணின் வரலாறு கதையைப் போன்றது. இலண்டன் அருகே தாயோடு இரந்து நின்ற அயர்லாந்துச் சிறுமியாகிய அவரை ஜூலியா தம் இல்லத்திற்கு அழைத்துவந்து வளர்த்தார், கல்வியும் அளித்தார். பின்னர் அவர் பணிப்பெண்ணாகவும் படங்களுக்கு அமர்பவராகவும் விளங்கினார். 1865ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த கண்காட்சியில் மேரி ரயனையும் அவர் படங்களையும் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் அவரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1867ஆம் ஆண்டில் இருவரும் மணந்துகொண்டனர். அந்த ஹென்றி காட்டன் நம் கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, இந்தியரின் உரிமைகளுக்காகக் குரல்கொடுத்து, 1904ஆம் ஆண்டு மும்பையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

1868ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மற்றொரு படம் காண்போர் நெஞ்சை உருக்கும். ஆங்கிலேயப் படை எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைக் கைப்பற்றியபோது, பேரரசர் தெவோதிரோசு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய ஏழு அகவை மகன் அலெமாயெகு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டான். நாட்டையும் பெற்றோரையும் மொழியையும் இழந்து நின்ற அச்சிறுவனை ஜூலியா படமெடுத்தார். எத்தியோப்பிய உடையும் அணிகளும் அவனை இளவரசனாகக் காட்டுகின்றன. துயரம் தேங்கிய கண்கள் அவனை ஏதிலியாகக் காட்டுகின்றன. வெற்றிபெற்ற நாட்டின் மகிழ்ச்சியை அப்படத்தில் காண முடியாது. அவன் தாயகம் திரும்பாமலே 1879ஆம் ஆண்டில் தன் பதினெட்டாம் அகவையில் இறந்தான்.

இலங்கையில் இறுதி நாள்கள்

1875ஆம் ஆண்டில் ஜூலியாவும் சார்லசும் இங்கிலாந்தைவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டனர். மகன்கள் அங்கிருந்தனர். முதுமையில் தம் விருப்பத்திற்குரிய தீவிலேயே வாழ வேண்டுமென்பது சார்லசின் நெடுநாள் ஆசை. களுத்துறையின் கடலோர இல்லத்திலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் அவர்கள் வாழ்ந்தனர்.

வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த தீவில் கொலோடியன் தகடுகளைக் கையாள்வது கடினமாக இருந்தது. வேதிப்பொருள்களைப் பெறுவதும் எளிதன்று. ஆதலால், இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. 1877ஆம் ஆண்டில் களுத்துறைக்கு வந்த தாவர ஓவியர் மரியான் நார்த் அம்மையாரை அவர் எடுத்த படங்கள் அவற்றுள் சில. ஏனையவற்றுள் பெரும்பாலானவை அத்தீவின் எளிய மக்களைக் காட்டுவன. வீட்டுப் பணியாளரும் உழைப்பாளரும் இளம்பெண்களும் அவற்றில் இடம்பெற்றனர்.

அக்காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். பஞ்சத்தாலும் வறுமையாலும் ஊரைத் துறந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாடுவரை அவர்கள் நடந்தனர். வழியிலேயே நோய்வாய்ப்பட்டு மடிந்தோர் பலர். டிம்போலா இல்லத்தின் வளத்திற்கும் அங்கு உடைந்த கண்ணாடித் தகடுகளின் விலைக்கும் பின்னே இம்மக்களின் வியர்வை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கு ஒரு வேறுபாடு நம் சிந்தனைக்குரியது. டார்வின், எர்ஷல், டென்னிசன் ஆகியோரின் படங்களின் கீழே அவர்தம் பெயர்கள் உள்ளன. பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரையும் நாம் அறிவோம். ஆனால், இலங்கைப் படங்களில் உள்ளோருள் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. களுத்துறை உழவர்கள், இளம்பெண் என்பனபோன்ற பொதுத் தலைப்புகளே உள்ளன. உள்ளூர் மனிதர் ஒருவருடைய முதுகின் அழகில் ஈடுபட்ட ஜூலியா, தோட்டமே இல்லாத வீட்டிற்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தியதாக மரியான் நார்த் எழுதியுள்ளார். அம்மனிதரின் முதுகைப்பற்றி அறிகிறோம், பெயரை அறியோம். அழகை எங்கும் காணும் பரந்த உள்ளமும், ஆளும் இனத்தவரின் குறுகிய பார்வையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன.

ஆயினும், அப்படங்கள் நமக்கு அரியவை. அன்றைய ஐரோப்பியர் பலர் குடியேற்ற நாட்டு மக்களைக் குலவகை மாதிரிகளாகவே படமெடுத்தனர். ஜூலியாவின் படங்களில் உள்ளோர் தம் எண்ணங்களில் ஆழ்ந்த தனிமனிதராகத் தோன்றுகின்றனர். தமிழரும் சிங்களரும் வாழ்ந்த அத்தீவின் எளிய மக்களுள் சிலர், பெயர் தெரியாத நிலையிலும், மதிப்போடு நம்மை நோக்கும் வாய்ப்பை அப்படங்கள் அளித்துள்ளன.

மறைவும் புகழும்

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், இலங்கை மலைநாட்டின் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் ஜூலியா இயற்கை எய்தினார். பொகவந்தலாவையின் தூய மரியாள் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டே சார்லசும் மறைந்து அவரருகே துயில்கொண்டார்.

அவர் முழுமையாகக் கலைப்பணியில் ஈடுபட்ட காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கினார். மறைவுக்குப்பின் சில காலம் அவர் புகழ் மங்கியிருந்தது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், 1913ஆம் ஆண்டில் தம் இதழில் அவருடைய படங்களை வெளியிட்டார். 1926ஆம் ஆண்டில் வர்ஜீனியா உல்பும் ரோஜர் பிரையும் எழுதிய முன்னுரைகளோடு அவர் படங்கள் நூலாக வெளிவந்தன. இன்று அவர் வாழ்ந்த டிம்போலா இல்லம் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. முகத்தை அண்மையில் காட்டுதல், பக்க ஒளியால் உருவத்தைச் செதுக்குதல், தேவையற்ற பின்புலத்தை நீக்குதல் ஆகிய முறைகள் இன்றைய ஒளிப்படத்திலும் திரைப்படத்திலும் இயல்பாகிவிட்டன. அவற்றுக்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஜூலியா முதன்மையானவர்.

ஒரு முகத்தைப் பொறுமையோடு நோக்குதல், அம்மனிதருக்கு நாம் செலுத்தும் மதிப்பு. ஜூலியாவின் கலை நமக்குக் கற்பிப்பது இதுவே. அந்நோக்குப் பெறுவதற்கு அறிஞரும் பணிப்பெண்ணும் ஒருங்கே உரியவர் என்பதை அவர் படைப்புகள் காட்டுகின்றன. அவர் விட்டுச்சென்ற குறையும் நமக்கு ஒரு பாடம். முகத்தைப் படம் காத்துவிடும். பெயரையும் வாழ்வையும் கேட்டறிந்து காப்பது படமெடுப்பவரின் கடமை. கருவி எளிதாகிவிட்ட இக்காலத்தில், கையில் அதனை ஏந்தும் ஒவ்வொருவருக்கும் அக்கடமை உண்டு.

தெரிந்து தெளிவோம்

உருத்துலக்குதல் – கண்ணுக்குப் புலப்படாமல் தகட்டில் பதிந்துள்ள உருவத்தை வேதிப்பொருளால் வெளிக்கொணர்தல்
எதிர்ப்படம் – ஒளியுள்ள இடம் கருமையாகவும் நிழலுள்ள இடம் வெளிறியும் தோன்றும் படம், நெகட்டிவ்
குவியம் – வில்லை வழியாக வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடும் இடம்
வில்லை – லென்ஸ்
ஏதிலி – சொந்த நாட்டை இழந்து பிற நாட்டில் வாழ்பவர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய கருப்பு வெள்ளைப் படங்களைத் திரட்டுக. அவற்றில் உள்ளோரின் பெயர், உறவு, தொழில், ஊர் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதிப் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்குக.

2. உங்கள் ஊரில் நெசவு, மண்பாண்டம், தச்சு முதலிய கைத்தொழில் செய்யும் ஒருவரை அவருடைய இசைவு பெற்றுச் சன்னலொளியில் படமெடுக்க. அவரைப்பற்றி ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. ஒளிப்படத்தில் தெளிவே அழகா, மென்மங்கலும் அழகா என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

4. இலங்கைப் படங்களில் உள்ளோரின் பெயர்கள் கிடைக்காமைக்குரிய காரணங்களை ஆராய்ந்து உங்கள் கருத்தைக் கட்டுரையாக்குக.